"பணம் மட்டும் இருந்தால் செய்து காட்டிவிடுவேன்": பெரிய யோசனைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எல்லாம் தயார், பணம் ஒன்றுதான் இல்லை என்கிறேன். இது உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு, ஆனால் நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1903ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாமுவேல் லாங்லி என்ற பெயர்பெற்ற அமெரிக்க விஞ்ஞானி, ஸ்மித்சோனியன் என்ற ஆய்வு நிறுவனத்தையே நடத்திக்கொண்டிருந்தவர், மனிதனைச் சுமந்து பறக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்கிறார். ராணுவத் துறை 50,000 டாலர் கொடுத்தது, ஸ்மித்சோனியன் பக்கமிருந்து இன்னும் ஏறக்குறைய 20,000 வந்தது. அவருடைய ஆட்கள் செய்த இன்ஜின் 52 குதிரைத்திறன், அந்தக் காலத்துக்கு அசாத்தியமான விஷயம். அக்டோபர் 7, டிசம்பர் 8 என இரண்டு முறை போட்டோமாக் ஆற்றில் படகின் மேலிருந்து ஏவினார்கள், இரண்டு முறையும் தண்ணீரில் போய் விழுந்தது. இரண்டாவது தோல்விக்கு ஒன்பது நாள் கழித்து ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். அவர்கள் அதுவரை செலவழித்தது மொத்தமே ஆயிரம் டாலருக்குள், இன்ஜின் வெறும் 12 குதிரைத்திறன்.

லாங்லியின் பணம் இன்ஜினுக்குப் போனது. ஆனால் அந்த நேரத்தில் பதில் தெரியாமல் கிடந்த கேள்வி வேறு: காற்றில் ஏறிய பிறகு கவிழாமல், திருப்பி, இறக்குவது எப்படி? ரைட் சகோதரர்கள் வருடக்கணக்கில் காற்றாடியும் கிளைடரும் (இன்ஜின் இல்லாத விமானம்) விட்டுக்கொண்டிருந்தது அதற்காகத்தான். 1901இல் தாங்களே ஒரு சிறிய காற்றுச் சுரங்கம் (காற்றை ஊதிச் சிறகைச் சோதிக்கும் பெட்டி) செய்து, சுமார் 200 சிறகு வடிவங்களைச் சோதித்தார்கள். ஆக, "பணம் இல்லை" என்று சொல்வதற்கு முன்னால் "என் யோசனையில் யாருக்கும் விடை தெரியாத கேள்வி எது" என்று கேட்டுப் பாருங்கள். பல பேரிடம் அதற்குப் பதில் இருப்பதில்லை. பொருளின் படம் இருக்கும், லோகோ இருக்கும், அஞ்சு வருஷ வருமான அட்டவணை இருக்கும்.

அப்படியானால் பணத்தால் என்னதான் வாங்க முடியும்?

கூடுதல் முயற்சிகளை வாங்கலாம், கொஞ்சம் காலத்தை வாங்கலாம். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 1 ராக்கெட் 2006, 2007, 2008 என மூன்று முறை வரிசையாகத் தோற்றது. மூன்றாவது முறை என்ன நடந்தது தெரியுமா, பிரிந்துபோன முதல் அடுக்கில் மிச்சமிருந்த உந்துவிசை அதை மேலே தள்ளி, இரண்டாவது அடுக்கில் இடிக்க வைத்தது. இன்ஜின் அணைவதற்கும் அடுக்கு பிரிவதற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளியைக் கூட்டினார்கள், சரியாகிவிட்டது. 2008 செப்டம்பர் 28 அன்று நான்காவது ராக்கெட் சுற்றுப்பாதைக்குப் போனது. மூன்று தோல்விக்கு மட்டும் பணம் இருந்திருந்தால் இன்று அந்தப் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு தோல்வியும் எது கோளாறு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் டைசன் பை இல்லாத தூசு உறிஞ்சிக்கு 5,127 முன்மாதிரிகள் செய்தார், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்று. அப்படிப்பட்ட வேலையில் பணத்தைப் போட்டால் பலன் தெரியும். தோல்வி எதையும் சொல்லிக்கொடுக்காத இடத்தில் (உதாரணமாக, முதியவர்களின் ஆயுளை நீட்டும் மருந்து, வேலை செய்ததா என்று தெரியவே இருபது வருடம் காத்திருக்க வேண்டும்) கோடிகளைக் கொட்டினாலும் மெதுவாகத்தான் நகரும்.

என் யோசனை இயற்பியலிலேயே அடிபடுமா என்று பணம் செலவழிக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பெரும்பாலும் ஒரு தாளும் பேனாவும் போதும். இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது.

காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிநீராக்கும் இயந்திரம், இது எல்லாருக்கும் பிடித்த யோசனை. நீராவி நீராக மாறும்போது லிட்டருக்கு சுமார் 0.68 யூனிட் அளவுக்கு வெப்பம் வெளிவரும், அதை நீங்கள் எங்கேயாவது தள்ளியாக வேண்டும். குளிரூட்டும் இயந்திரம் தான் எடுக்கும் மின்சாரத்தைப்போலச் சில மடங்கு வெப்பத்தைத் தள்ளும் என்பதால், நல்ல ஈரப்பதம் உள்ள இடத்தில் லிட்டருக்கு 0.2 அல்லது 0.3 யூனிட்டுக்கு இறக்கலாம். அதாவது ஆயிரம் லிட்டருக்கு 200 யூனிட்டுக்கு மேல். இதே ஆயிரம் லிட்டரைக் கடல்நீரிலிருந்து, உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு வழியாக எடுக்கும் நவீன ஆலை 3 முதல் 4 யூனிட்டில் முடித்துவிடுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். காய்ந்த இடத்தில், அதாவது தண்ணீர் உண்மையாகவே தேவைப்படும் இடத்தில், கணக்கு இன்னும் மோசமாகும். கடலும் குழாயும் லாரியும் எட்டாத இடத்துக்கு, பேரிடர் நேரத்துக்கு, இந்த இயந்திரம் பயன்படலாம். அதைச் சின்னச் சந்தை என்று ஒத்துக்கொண்டு இறங்கினால் தப்பில்லை.

சரி, கடல்நீர்ப் பக்கம் போவோம் என்றால் அங்கேயும் இதே தாள் உதவும். கடல்நீரில் பாதியை நன்னீராக எடுக்க இயற்கை விதிகள் கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல் ஆயிரம் லிட்டருக்கு சுமார் 1 யூனிட். ஆலைகள் ஏற்கெனவே அதன் மூன்று நான்கு மடங்குக்குள் வந்துவிட்டன. எனவே "எங்கள் தொழில்நுட்பம் மின்செலவைப் பத்தில் ஒன்றாக்கும்" என்று யாராவது வந்தால், மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆனால் அந்தச் சவ்வில் படியும் அழுக்கு, கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் பட்டால் சவ்வே கெட்டுப்போவது, மிஞ்சும் உப்புக் கழிவை என்ன செய்வது, இவை எல்லாம் இன்னும் திறந்து கிடக்கும் கேள்விகள். குளோரினைத் தாங்கும், அதே அளவு உப்பைத் தடுக்கும், அதே விலையில் செய்ய முடிகிற ஒரு சவ்வு கண்டுபிடித்தீர்கள் என்றால் ஆலைக்காரர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடைப் பிடிக்கும் ஸ்டார்ட்அப்?

இயற்பியல் தடுக்கவில்லை, அளவுதான் மலைக்க வைக்கிறது. காற்றில் அது பத்து லட்சத்துக்கு சுமார் 420 பங்கு. ஒரு டன் பிடிக்க, ஒரு துளியும் தப்பாமல் பிடித்தாலும், 13 லட்சம் கன மீட்டர் காற்றை இயந்திரத்தின் வழியாக அனுப்ப வேண்டும். ஐஸ்லாந்தில் கிளைம்வொர்க்ஸ் நிறுவனம் 2024இல் தொடங்கிய மாமத் ஆலையின் வடிவமைப்புத் திறன் ஆண்டுக்கு 36,000 டன். உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து வெளியேற்றுவது ஆண்டுக்கு 3,700 கோடி டன் பக்கம். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய பத்து லட்சம் மாமத்கள். இன்னொரு சிக்கல், பிடித்த வாயுவை வாங்க இயல்பான வாடிக்கையாளர் கிடையாது. அரசு விதியோ, பெரிய நிறுவனங்கள் தாமாக முன்வந்து கொடுக்கும் பணமோ இல்லாவிட்டால் வருமானமே இல்லை. ஆய்வாக ஆதரிப்பேன், வியாபாரமாக என் பணத்தைப் போட மாட்டேன்.

அணுக்கரு இணைவு? எப்போதும் "இன்னும் முப்பது வருடம்" என்கிறார்களே.

லேசான அணுக்கருக்களை ஒன்றாக்கி ஆற்றல் எடுக்கும் இந்த முயற்சி பற்றிய அந்தக் கிண்டல் பழசாகிவிட்டது, ஆனால் முழுக்கப் பொய்யும் இல்லை. 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு மையத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைப் பாய்ச்சி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். செய்தி பெரிதாக ஓடியது. அந்த லேசரைச் சுடவே சுவரிலிருந்து சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் இழுத்தார்கள் என்பது அவ்வளவாக ஓடவில்லை. பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஈட்டர் உலைக்கு 2006இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, 2024இல் வெளியிட்ட புதிய அட்டவணைப்படி ஆய்வுப் பணி தொடங்குவதே 2034இல்தான்.

தனியார் பணம் இதற்குள் வந்ததற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. உயர் வெப்பநிலை மீக்கடத்தி (தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) நாடாக்களால் மிக வலுவான காந்தம் செய்ய முடிகிறது. 2021 செப்டம்பரில் எம்ஐடியும் காமன்வெல்த் ஃபியூஷன் சிஸ்டம்ஸ் நிறுவனமும் 20 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்தை இயக்கிக் காட்டின. காந்தம் வலுவானால் உலை சிறிதாகும், சிறிதானால் சீக்கிரம் கட்டி, சீக்கிரம் தோற்று, சீக்கிரம் திருத்தலாம். மேலே ராக்கெட் விஷயத்தில் சொன்ன அதே காரணம். ஆனால் எரிபொருளான டிரிட்டியம் (கதிரியக்கமுள்ள கனமான ஹைட்ரஜன்) 12.3 வருடத்தில் பாதியாகச் சிதைந்துவிடும், இயற்கையில் அது கிடைப்பதும் மிகக் குறைவு, உலைக்குள்ளேயே லித்தியத்திலிருந்து அதை உற்பத்தி செய்துகொள்ள வேண்டும். அதை மின்நிலையத்துக்குத் தேவையான அளவில் இதுவரை யாரும் செய்து காட்டவில்லை. தனிநபர் ஒருவர் இதில் நுழைய வேண்டும் என்றால் உலை கட்டக் கிளம்பாதீர்கள், உலை கட்டுகிறவர்களுக்கு வேண்டிய பாகம் ஒன்றைச் செய்யுங்கள்.

விண்வெளிக்கு லிஃப்ட், வெற்றிடக் குழாய் ரயில், சோலார் சாலை?

லிஃப்டுக்கு 35,786 கி.மீ. உயரத்தைத் தாண்டி நீளும், தன் எடையைத் தானே தாங்கும் கயிறு வேண்டும். எஃகு போதாது, கார்பன் நானோ குழாய் போதலாம், ஆனால் அதை மீட்டர் கணக்கில் குறையின்றிச் செய்வதே இன்னும் பெரும்பாடு. அதுவரை இது பொருளறிவியல் ஆராய்ச்சி, கம்பெனி கிடையாது.

காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் ரயில் ஓட்டுவதை ஹைப்பர்லூப் ஒன் என்ற நிறுவனம் முயன்றது. 2020 நவம்பரில் இரண்டு பேரை உட்கார வைத்து 500 மீட்டர் பாதையில் மணிக்கு 172 கி.மீ. வேகம் காட்டியது, சாதாரண ரயிலே போகிற வேகம். 2023 முடிவில் மூடிவிட்டார்கள். நிலம் வாங்குவது, குழாயை நூற்றுக்கணக்கான கி.மீ. நேராகவும் காற்றுப் புகாமலும் வைத்திருப்பது, நடுவழியில் கோளாறு வந்தால் ஆட்களை வெளியே எடுப்பது, இதெல்லாம்தான் செலவு, வேகம் அல்ல.

பிரான்சின் நார்மண்டியில் 2016இல் 50 லட்சம் யூரோ செலவில் ஒரு கி.மீ. சோலார் சாலை போட்டார்கள். படுத்துக் கிடக்கும் பலகை, மேலே இலையும் அழுக்கும், போகிற டிராக்டர். எதிர்பார்த்த மின்சாரம் வரவில்லை. பக்கத்திலேயே கூரை இருக்கும்போது சாலையில் ஏன் போட வேண்டும் என்று முதலிலேயே கேட்டிருக்கலாம்.

சரி, உங்களிடம் பணம் இருந்தால் எதில் போடுவீர்கள்?

சிமென்ட். சிரிக்காதீர்கள். உலகம் வருடத்துக்கு சுமார் 400 கோடி டன் சிமென்ட் செய்கிறது, மனிதர் வெளியிடும் கார்பன் டைஆக்சைடில் ஏறக்குறைய 7, 8 சதவீதம் இதிலிருந்து வருகிறது. சூளை 1,450 டிகிரி செல்சியஸ் வரை போகிறது, ஆனால் அந்தச் சூட்டை முழுக்க சூரிய மின்சாரத்தில் கொடுத்தாலும் பாதிக்கு மேற்பட்ட வாயு நிற்காது, ஏனென்றால் சுண்ணாம்புக்கல் சுண்ணாம்பாக மாறும்போது கல்லுக்குள்ளிருந்தே அது வெளியேறுகிறது. கல்லை மாற்ற வேண்டும், அல்லது வேதியியலை மாற்ற வேண்டும். மலிவாகவும் இருக்க வேண்டும், ஐம்பது வருடம் நிற்கும் என்று கட்டிடப் பொறியாளர் நம்பிக் கையெழுத்தும் போட வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த சந்தை, எல்லாருக்கும் தெரிந்த விலை, தெரியாதது வேதியியல் மட்டும். இப்படிப்பட்ட இடத்தில்தான் பணம் வேலை செய்யும்.

இரண்டாவது, தொழிற்சாலைக்கு வேண்டிய சூட்டைச் சேமித்து வைப்பது. உலக ஆற்றல் பயன்பாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தொழிற்சாலைகளின் சூட்டுக்கே போகிறது. மதிய நேரத்து மலிவு மின்சாரத்தில் செங்கல்லைப் பழுக்கச் சுட்டு, ராத்திரி அந்தச் சூட்டை எடுப்பது என்ற யோசனையில் புதுமை குறைவு, உருக்காலைகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கல் அடுப்பில் சூட்டைத் தேக்கிவைக்கின்றன. மின்சாரம் மலிந்ததால் இப்போதுதான் கணக்கு ஒத்துவருகிறது. பார்ட்டியில் சொன்னால் யாரும் வியக்க மாட்டார்கள், போட்டியும் அதனால் குறைவு.

மருத்துவத் துறை?

இங்கே உடம்பு உங்கள் கால அட்டவணையைப் படிப்பதில்லை. ஒரு சில துளி ரத்தத்தில் பல பரிசோதனை செய்வோம் என்ற தெரனாஸ் நிறுவனத்தின் கதையை எல்லாரும் மோசடிக் கதையாகச் சொல்கிறார்கள், அது மோசடிதான், அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஆனால் மோசடிக்கு முன்னாலேயே ஒரு அறிவியல் சிக்கல் இருந்தது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் திசுநீர் கலக்கும், ஒரு துளிக்கும் அடுத்த துளிக்குமே அளவு மாறும். 70 கோடி டாலருக்கு மேல் திரட்டியும் அந்தத் துளி மாறவில்லை. முதலீட்டாளர்கள் ஒரு ஆய்வகப் பரிசோதகரிடம் அரை மணி நேரம் பேசியிருந்தாலே போதும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் உயிர்வேதியியலாளர் கேத்தலின் கரிகோ. எம்ஆர்என்ஏவை (எந்தப் புரதம் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) மருந்தாக்கலாம் என்று விடாமல் சொன்னவருக்கு மானியங்கள் மறுக்கப்பட்டன, 1995இல் பல்கலைக்கழகத்தில் பதவியும் இறக்கப்பட்டது. 2005இல் அவரும் சக ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனும் ஒரு வேதி மாற்றத்தால் உடம்பு அதை எதிரியாகப் பார்க்காமல் இருக்கச் செய்யலாம் என்று காட்டினார்கள். 2023இல் நோபல். இவருக்குக் கொஞ்சம் பணம் முன்னாலேயே கிடைத்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்குக் கோபமாக வரும். பொதுவாகச் சொன்னால், மனிதரில் சோதிக்கத் தொடங்கும் மருந்துகளில் பத்தில் ஒன்றுதான் அனுமதி வரை போகிறது. அந்த ஒன்பதுக்கும் சேர்த்துப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலீட்டாளர் ஏன் "அருமையான யோசனை" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிறார்?

அவரும் யாரிடமோ பணம் வாங்கித்தான் போடுகிறார். வழக்கமான வென்ச்சர் கேப்பிட்டல் (புதிய நிறுவனங்களில் துணிந்து போடும் முதலீடு) நிதியின் ஆயுள் பத்து வருடம், அதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவை தோற்கும் என்று அவருக்குத் தெரியும், அதனால் ஜெயிக்கும் ஒன்று பல மடங்கு வளர வேண்டும். உங்கள் யோசனை பதினைந்து வருடம் எடுத்து மூன்று மடங்கு லாபம் தரும் என்றால் அது நல்ல தொழில், அவருக்கு மட்டும் ஆகாது. ஜெராக்ஸ் நகல் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் 1938இல் முதல் உலர் நகலை எடுத்தார், இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வேண்டாம் என்றன, ஜெராக்ஸ் 914 இயந்திரம் வந்தது 1959இல். இருபத்தோரு வருடம்! கடைசியில் அதற்குக் கை கொடுத்தது ஒரு லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனமும் ஒரு சிறிய புகைப்படத்தாள் கம்பெனியும்.

அதனால் மானியம், பல்கலைக்கழகக் கூட்டு, முன்பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் என்று வேறு கதவுகளையும் தட்டுங்கள். பரிசுப் போட்டிகளும் உண்டு, ஆனால் பரிசு செலவை ஈடுகட்டும் என்று நம்ப வேண்டாம். 2004இல் ஒரு கோடி டாலர் அன்சாரி எக்ஸ் பரிசை வென்ற ஸ்பேஸ்ஷிப்ஒன் என்ற தனியார் விண்கலத்துக்கு மைக்ரோசாஃப்ட் இணை நிறுவனர் பால் ஆலன் போட்டது இரண்டு கோடிக்கும் மேல்.

அதிகப் பணம் கிடைத்தால் கெடுதலா?

சில சமயம். ஜூசெரோ என்ற நிறுவனம் சுமார் 12 கோடி டாலர் திரட்டி, பழச்சாறு பொட்டலத்தைப் பிழியும் இயந்திரத்தை 699 டாலருக்கு விற்றது. 2017இல் பத்திரிகையாளர்கள் அந்தப் பொட்டலத்தைக் கையாலேயே பிழிந்து காட்டினார்கள். சில மாதத்தில் கடை மூடப்பட்டது. கையில் கொஞ்சமே பணம் இருந்திருந்தால், இயந்திரம் செய்ய வசதி இல்லாமல், முதல் வாரத்திலேயே யாராவது கையால் பிழிந்து பார்த்திருப்பார்கள்.

யோசனையை வெளியே சொன்னால் திருடிவிடுவார்களே?

பெரும்பாலும் மாட்டார்கள், அவரவருக்கு அவரவர் யோசனையே பெரிது. ஆனால் காப்புரிமை விஷயத்தில் கவனம் தேவை. விண்ணப்பிப்பதற்கு முன் பொதுவில் வெளியிட்டுவிட்டால் ஐரோப்பாவில் புதுமை போய்விடும், அமெரிக்காவில் ஒரு வருடம் அவகாசம் உண்டு. ஒரு நாட்டில் விண்ணப்பித்த தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் அதே முன்னுரிமையோடு விண்ணப்பிக்கலாம். பாதுகாப்பு பொதுவாக விண்ணப்ப நாளிலிருந்து 20 வருடம். யாராவது மீறினால் வழக்குப் போடும் செலவு உங்களுடையது என்பதையும் மறக்காதீர்கள்.

எப்போது கைவிடுவது?

தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டிய பதில் இது, நடுவில் யோசித்தால் மனசு கேட்காது. கூகுளின் புதுமை ஆய்வுப் பிரிவான எக்ஸ் கடல்நீரிலிருந்து எரிபொருள் செய்யும் ஃபாக்ஹார்ன் திட்டத்தைத் தொடங்கியது. வேதியியல் வேலை செய்தது. ஆனால் ஐந்து வருடத்துக்குள் ஒரு கேலன் பெட்ரோலுக்கு இணையான அளவை 5 டாலருக்குத் தர முடியுமா என்று அளவுகோல் வைத்திருந்தார்கள், முடியாது என்று தெரிந்ததும் 2016இல் நிறுத்தி, கற்றதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடக் கௌரவமாக மூடிய திட்டம் குறைவு.

மூடிய பிறகு யாருக்கு என்ன கிடைக்கும்?

சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்: அடமானம் பிடித்த கடன்காரர், சம்பள பாக்கி, வரி, மற்ற கடன்காரர், முன்னுரிமைப் பங்கு வைத்திருக்கும் முதலீட்டாளர், கடைசியாக நிறுவனர். செயற்கைக்கோள் தொலைபேசி நிறுவனமான இரிடியம் 66 செயற்கைக்கோள்களை ஏவ சுமார் 500 கோடி டாலர் விழுங்கி, 1998 நவம்பரில் சேவை தொடங்கி, 1999 ஆகஸ்டில் திவாலானது. அந்த மொத்த வலையமைப்பும் பிறகு 2.5 கோடி டாலருக்குக் கைமாறி, புதிய ஆட்களிடம் நன்றாகவே ஓடியது. தொழில்நுட்பம் பிழைத்தது, முதலில் போட்டவர்கள் பணம் பிழைக்கவில்லை. நிறுவனக் கடனுக்கு வங்கி உங்களிடம் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்து கேட்டால், வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள். நிறுவனம் மூடினாலும் அந்தக் கடன் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.